கம்பியில் ஆறு துண்டு

பெப்ரவரி 7, புதன், 1979

காலையில் பனி. எதிர் மலை தெரியவில்லை.

இது என் கொப்பியில் மூன்றாவது பக்கம். முதல் இரண்டு பக்கமும் என் பெயர்தான், நாற்பது தடவை. கருப்பையா, கருப்பையா. அத்தனையும் என் கையால், அறுபத்தேழு வயதில். காலையில் எழுந்ததும் திறந்து பார்க்கிறேன். அழியாமல் அப்படியே இருக்கிறது.

சொல்லிக் கொடுத்தவள் மருமகள் சரசு. மகனும் அவளும் கீழ் வரிசை வீடுகளில், கீழ் லயத்தில். பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு எனக்கு எழுத்து. "பேர் போதும் மாமா. இனி நடந்ததை எழுதுங்க. தெரிஞ்சதா இருந்தாலும் எழுதுங்க, அப்பத்தான் கை பழகும்" என்றாள்.

நடந்தது: மடுல்சீமைக்கு உரம் இறக்கப் போன லொறி டிரைவர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, உங்க அண்ணன் சேதி சொல்லிவிட்டாரு. பதினெட்டாந் தேதி ஞாயித்துக்கெழம வாறாராம். சின்ன மகனுக்குக் கல்யாணம். வெத்தல பாக்கு வைக்க."

"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு எத்தன அண்ணன் இருக்கு?"

ஒருவர்தான். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. வெற்றிலை வைப்பார், சரி. சாப்பிடுவாரா? என் அடுப்பில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று லயமே கேட்க சத்தியம் செய்தவர். வெற்றிலை வைக்க வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அது அழைப்பே இல்லை. எந்த முகத்தோடு நான் அந்தக் கல்யாணத்துக்குப் போவேன்?

பென்சில் கூர் தேய்ந்துவிட்டது. அரிவாள்மணையில் சீவினேன். பேச்சி திட்டினாள்.

பெப்ரவரி 8, வியாழன்

பனி. பத்து மணிக்கு வெயில்.

பேச்சி என்று ஒவ்வொரு தடவையும் எழுத நேரமாகிறது. இனி பே. போதும். மனைவிதான், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

சண்டை எப்படி வந்தது என்று எழுதிவிடுகிறேன். அண்ணன் மகள் கல்யாணம். மறுவீட்டு விருந்துக்குப் பன்றி இறைச்சியைப் புகை போட்டு வைக்க நினைத்தார். அவர் காம்பராவில் கூரை ஒழுகல். அதனால் என் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி இருபது துண்டு தொங்கவிட்டார். பத்து நாள் புகை. இறக்கும்போது பதினாலு. பந்தியில் கடைசி வரிசைக்குக் குழம்பு மட்டும் போயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தம்பி வீட்டு வயிறு பெருசு."

அடுத்த மாதமே வேலைப் பதிவை மடுல்சீமைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு துண்டு எங்கே போனது? தெரியாது. நான் எடுக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது நானும் பே.யும்.

இன்று கீழே கிராமத்துக்கு இறங்கினேன். எனக்குத் தெரிந்த சிங்களக்காரன் பண்டாவின் மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றி விழுந்திருக்கிறது. விலா எலும்போடு ஆறு துண்டு வெட்டித் தந்தான். கையகலம், இரண்டு விரல் கனம். பதிலுக்குச் சேவலைக் கொடுத்தேன். பே. வளர்த்த சேவல்.

உப்பு, மஞ்சள், மிளகு, புளிப்புக்குக் கொறுக்காய். எவ்வளவு உப்பு? அண்ணன் கை நிறைய அள்ளியது ஞாபகம் இருக்கிறது. எத்தனை கை என்பது இல்லை. மூன்று கை போட்டேன். யோசித்துவிட்டு இன்னொரு கை.

பெப்ரவரி 9, வெள்ளி

வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் இறைச்சி கூடாது என்று பே. சட்டியை வெளியே இறவாரத்தில் வைத்துவிட்டாள். மேலே கல். நாய் வராமல் நான் காவல். காவல் இருந்தபடியே தேயிலைப் பெட்டிப் பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். இங்கிலீசு. அது எனக்கு இன்னும் வெறும் கோடுதான். பரவாயில்லை. முன்பு எல்லாமே கோடு.

பெப்ரவரி 10, சனி

காற்று.

ஆறு துண்டையும் கம்பியில் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி. துண்டு என்பதையும் இனி து. என்று எழுதுவேன். து. 6.

என்ன விறகு? அன்றைக்கு அண்ணன்தான் விறகு பொறுக்கினார். நான் அடுப்புக்குள் தள்ளியதோடு சரி. வீட்டில் டர்பன்டைன் மரப்பட்டை நிறைய இருந்தது. அதைப் போட்டேன். நல்ல புகை. ஆனால் வாசம் தவறு.

லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, கூரை வரை கிடையாது. மேலே பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே வெளி. என் வீட்டுப் புகை எல்லார் வீட்டுக்கும் போகும். பக்கத்துக் காம்பரா மாரியாயி, புருஷன் போய் நாலு வருஷம், சுவருக்கு மேலாகச் சத்தம் போட்டாள்.

"அண்ணே, வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல?"

"ஒருத்தருக்கும் இல்ல புள்ள."

"பின்ன ஏன் தைல வாசம்? என் மூக்கடைப்புத் தெறந்துக்கிச்சு. இன்னும் கொஞ்சம் போடுங்க, முழங்கால் வலியும் போயிரும்."

பன்னிரண்டாம் காம்பராவிலிருந்து ஒரு குரல்: "யாரு வீட்டுல தீ?"

பட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். பே. சிரித்தாள். சேவலைக் கொடுத்த பிறகு இன்றுதான் சிரித்தாள்.

பெப்ரவரி 11, ஞாயிறு

கவ்வாத்து மலைக்குப் போய் மிலாறுக் குச்சி பொறுக்கினேன். நாற்பது வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினவன் நான். வெட்டிய குச்சி எல்லாம் அடுப்புக்குத்தான் போயிற்று. அந்தப் புகைக்கு என்ன வாசம் என்று ஒரு நாளும் மூக்கை வைத்துப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். இனிப்பு. கொஞ்சம் கசப்பு.

அடியில் காய்ந்த மிலாறு, மேலே ஈர மிலாறு, அதற்கு மேலே கொய்யா இலை. இப்போது சரி. கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. சாயங்காலம் து. எல்லாம் கித்துள் கருப்பட்டி நிறம்.

மாரியாயி மேலே இருந்து: "எதுக்குண்ணே இவ்வளவு?"

"எங்கண்ணன் வாறாரு. ஆறு துண்டும் அவரு எலைக்கு."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. வழக்கமாக நிறுத்த மாட்டாள்.

து. 6.

பெப்ரவரி 12, திங்கள்

து. 5.

மூன்று தடவை எண்ணினேன். விரலை மடக்கி எண்ணினேன். சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து. கொப்பியில் ஆறு என்று எழுதியிருக்கிறது. என் எழுத்துத்தான். எழுத்துப் பொய்யா, கண் பொய்யா?

அடுப்புக்குள் விழுந்ததா? சாம்பலைக் கிண்டினேன். இல்லை. பூனையா? கொக்கியையும் காணோம். பூனைக்குக் கொக்கி எதற்கு?

பே. பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். ஏதோ பாட்டு. வாய் மெல்லுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வெற்றிலை.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

இதை எங்காவது எழுதத்தான் வேண்டும். பதினோரு வருஷமாக நான் பே.யைத்தான் நினைத்திருக்கிறேன். அந்த ஆறும் அவள் எடுத்தாள் என்று. பசித்து எடுத்தாளோ, அவள் அம்மா வீட்டுக்குக் கொடுத்தாளோ. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். எல்லார் முன்னாலும் அண்ணன் பேசியபோது அவளுக்காக நான் வாய் திறக்கவில்லை. அதுதான் காரணம்.

நல்லவேளை அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

பெப்ரவரி 13, செவ்வாய்

மிளகு தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். வழியெல்லாம் போர்டு வாசித்தேன். ஹாலிஎல. அரிசி ஆலை. சைக்கிள் திருத்துமிடம். வாசித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. "இங்கு எச்சில் துப்பாதீர்" என்பதை மட்டும் முழுதாக வாசித்தேன், பஸ் நின்றுகொண்டிருந்ததால். ரொம்ப சந்தோஷம். பக்கத்தில் இருந்தவருக்கும் வாசித்துக் காட்டினேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார்.

சாய்பு கடையில் மிளகு. முதலாளி மூக்கை உயர்த்தினார்.

"பெரியவரே, கோட்டெல்லாம் புகை வாசம். நல்ல வாசமா இருக்கே. என்ன புகை போடுறீங்க?"

என்ன சொல்வது? அவர் கடைக்குள் நின்றுகொண்டு பன்றி என்று எப்படிச் சொல்வது?

"கருவாடுங்க முதலாளி."

"நம்ம வீட்டுலயும் கருவாடுன்னா உசிரு. அடுத்த தடவை ஒரு துண்டு கொண்டாங்க."

சரிங்க என்று வந்துவிட்டேன். இனி அந்தக் கடைக்கு எப்படிப் போவேன்? கருவாடு எங்கே வாங்குவது?

வீட்டுக்கு வந்ததும் முதலில் கம்பியைப் பார்த்தேன். து. 5.

பெப்ரவரி 14, புதன்

து. 6.

இதை எழுதிவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். ஆறுதான். கொக்கியோடு.

ஒன்றும் புரியவில்லை. போனதே திரும்பி வந்ததா? அப்படியானால் எங்கே போயிருந்தது? ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, இரண்டு நாள் புகை படாதது போல.

பே. எடுத்து, மனம் கேட்காமல் திரும்ப மாட்டினாளோ? அவள் முகத்தைப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் கீரையைத் தவிர ஒன்றும் இல்லை.

வேறு: தொட்டிச் செடியில் மிளகாய் பழுத்துவிட்டது. மாரியாயி வீட்டு ஆட்டுக்குட்டி இன்று கத்தவில்லை.

பெப்ரவரி 15, வியாழன்

தூறல். புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. இருமல்.

து. 8.

எட்டு. மாட்டியது ஆறு.

பிள்ளைக்காம்பராவுக்குப் போய் சரசுவிடம் கேட்டேன்: எழுதப் பழகுகிறவர்களுக்கு எண்ணிக்கை மாறிப்போவது உண்டா?

"ஆறையும் ஒம்பதையும் தலகீழா எழுதிருவாங்க மாமா."

"எட்டு?"

"எட்ட எப்படித் திருப்பினாலும் எட்டுத்தான்."

திரும்பி வரும்போது முனியாண்டி கோயில் பக்கமாக வந்தேன். அவர் வேலையா? முனியாண்டி எடுத்துக்கொண்டார் என்று கேட்டிருக்கிறேன். கொடுத்தார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதுவும் பன்றி. அதுவும் கொக்கியோடு.

பெப்ரவரி 16, வெள்ளி

து. 8. வெள்ளிக்கிழமை என்பதால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எடுக்கிறவரோ கொடுக்கிறவரோ யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பார்க்கிறவர். அப்படியென்றால் பே.தான். ஆனால் லயத்தில் எல்லோருமே வெள்ளிக்கிழமை பார்க்கிறவர்கள்தான்.

விளக்கு வைத்துவிட்டுப் பே. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க வாயெடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம பெரிய மாமா சாப்பிடுவாருங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல."

"சாப்பிடலன்னா?"

அதற்கும் தெரியல என்றேன். நான் கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 17, சனி

நல்ல வெயில். து. 10.

இப்போதெல்லாம் எண்ணும்போது உட்கார்ந்துகொள்கிறேன்.

பண்டா மரவள்ளி மூட்டையோடு ரோட்டில் போனான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, மிச்சம் பாதி பண்டி உப்புப் போட்டு வச்சிருந்தேன் நானு. அதுவும் ஒங்க லைனுக்குத்தானே போச்சி. ஒரே பண்டி, ஒரே லைன். நல்லம்."

"யாரு வாங்கினது?"

"பொம்பளையாளு. யாருகிட்டயும் சொல்ல வாணாம்னு சொல்லிச்சி." அவன் போய்விட்டான்.

பொம்பளையாள். பே.தான். எதைக் கொடுத்து வாங்கினாள்? வீட்டுக்கு வந்து அவள் காதைப் பார்த்தேன். தோடு இருக்கிறது. மூக்குத்தி இருக்கிறது. செம்புப் பானை இருக்கிறது. கோழிகளை எண்ணினேன். சேவல் போக எல்லாம் சரி.

தன் குற்றத்தை இப்படித் தீர்க்கிறாளா? நாளைக்கு அண்ணன் முன்னால் சொல்லப்போகிறாளா? சொல்லாதே என்று எப்படிச் சொல்வேன், எனக்குத் தெரியும் என்று காட்டாமல்?

பென்சில் அரை விரல் நீளம்தான் இருக்கிறது.

பெப்ரவரி 18, ஞாயிறு

து. 12.

நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுகிறேன்.

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, குடை, கையில் வெற்றிலைத் தட்டு. மெலிந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க மாமா" என்றாள் பே. வந்தார். தட்டைக் கொடுத்தார், வாங்கினோம். அவர் உட்காரவில்லை. மேலே கம்பியைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"பன்னெண்டு. என்னடா, வட்டியோட தாறியா?"

"இல்லண்ணே. நான் ஆறுதான் மாட்டினேன்."

"அப்ப மிச்சம் ஆறு?"

"தெரியல."

"அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. ஒனக்கு எப்பத்தான்டா தெரியும்?"

பே.யைப் பார்த்தேன். அவள் வாய் திறப்பதற்குள் நான் எடுத்தேன் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். "அண்ணே, அது வந்து" என்றேன். அப்போது சுவருக்கு மேலாகச் சத்தம் வந்தது.

"பெரியண்ணே, நான் மாரியாயி. அந்த ஆறும் எங்க ஆறு."

மூன்று பேரும் மேலே பார்த்தோம். புகைதான் தெரிந்தது.

"அந்த வருஷம் எங்காளுக்குப் பேரு வெட்டியிருந்தாங்க. வேல இல்ல. மூணு பிள்ளைங்க. உங்க கறி பத்து நாள் தொங்குச்சு, பத்து நாளும் அந்தப் புகையத்தான் நாங்க தின்னோம். பிள்ளைங்க மேல பாத்துக்கிட்டே படுத்திருக்கும். அந்த மனுசன் ஒரல் மேல ஏறிக் கையப் போட்டாரு. ஆறு தடவ. பந்தியில நீங்க பேசினப்ப நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரல. அவரு சாகுறப்பவும் அதத்தான் சொன்னாரு. அதே ஒரல் மேல ஏறித்தான் இப்ப நானும் மாட்டினேன். எண்ணிக்கங்க."

ஆட்டுக்குட்டியைப் பண்டாவிடம் கொடுத்து இறைச்சி வாங்கியிருக்கிறாள்; அது ஏன் கத்தவில்லை என்று அப்போது புரிந்தது. எனக்கு எல்லாம் மெதுவாகத்தான் புரியும், எழுத்து மாதிரி.

அண்ணன் குடையைச் சுவரில் சாய்த்தார். உட்கார்ந்தார்.

"எலையப் போடு" என்றார்.

பே. இரண்டு துண்டு இறக்கி மிளகு போட்டு வதக்கினாள். அண்ணன் முதல் வாய் மென்றார். நிறுத்தினார்.

"உப்பு எத்தன கை போட்ட?"

"நாலு."

"ரெண்டுதான்டா. தைல வாசம் வேற வருது. டர்பன்டைனா போட்ட?"

"முதல் நாள் மட்டும்ணே."

"மடையன். இன்னொரு துண்டு வையி."

மூன்று துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டில் மேலே பார்த்துச் சொன்னார்: "ஏ புள்ள மாரியாயி, இங்கிட்டு வந்து ஒக்காந்து தின்னு. செவத்துக்கு மேல பேசாத, கழுத்து வலிக்குது."

வந்தாள். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டாள். அவளும் உப்பு அதிகம் என்றாள்.

போகும்போது அண்ணன் சொன்னது: "மிச்சத்த எறக்காத. கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டு வா. மாரியாயியையும் கூட்டிக்கிட்டு வா."

ஒரு சின்னத் தாளில் "துண்டு 7. கருப்பையா" என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து, வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்கு: பன்னிரண்டில் அண்ணன் மூன்று, மாரியாயி ஒன்று, நானும் பே.யும் பாதி பாதி. மிச்சம் து. 7. கொப்பியும் கம்பியும் ஒத்துப்போகின்றன.

பெப்ரவரி 19, திங்கள்

பனி. து. 7.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. போன திங்கட்கிழமை ஒரு துண்டு குறைந்தது எப்படி? காலையில் பே.யிடம் கேட்டேன். கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

"நாந்தான் மாரியாயிக்குக் குடுத்தேன். புகை போற வீட்டுக்கு ஒரு துண்டு குடுக்காமத் தின்னலாமா? அன்னைக்குப் பெரிய மாமா கல்யாணத்துக்குன்னு ஒண்ணுகூடக் குடுக்க விடல. அதுதான் தப்பு. இந்தத் தடவ நான் முன்னாலயே குடுத்துட்டேன். அவ திங்காமத் திருப்பி மாட்டியிருக்கா. ஏன், உங்ககிட்ட சொல்லணுமா?"

"சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாம்."

அவள் என் கொப்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினோரு வருசமா என்னைய நெனச்சீங்களே, அதுவும் அதுல எழுதியிருக்கா?"

தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுதியிருக்கு என்றேன்.

"வாசிங்க" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு உள்ளதை எழுதி முடித்துவிட்டு வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காத்திருக்கிறாள். வெற்றிலைகூடப் போடவில்லை. அதனால் மெதுவாக எழுதுகிறேன்.